மீதநூல் குழந்தைப் பின்னல்

மீதநூல் குழந்தைப் பின்னல் என்பது வேறு ஆடைகளைப் பின்னி முடித்தபின் எஞ்சும் நூலைக் கொண்டு, குழந்தைகளுக்கான குல்லாய், காலுறை, சட்டை, போர்வை முதலியவற்றைக் கையால் பின்னிப் பரிசாக அளிக்கும் வழக்கம் ஆகும். குளிர் மிகுந்த நாடுகளில், சிறப்பாகப் பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, கனடா, நோர்டிக் நாடுகள் ஆகியவற்றில், இது நெடுங்காலமாக ஒரு வீட்டுக் கைவேலையாக இருந்து வருகிறது. பெரியவர் ஒருவரின் கம்பளி மேலாடைக்கு அரைக் கிலோ அளவில் நூல் தேவைப்படும். இடையில் தீர்ந்துவிடக்கூடாது என்பதற்காக ஓர் உருண்டை கூடுதலாக வாங்குவது பின்னுவோர் வழக்கம். அவ்வாறு எஞ்சும் 50 கிராம் உருண்டை பெரியவருக்கு ஒரு கையுறைச் சோடி தேறுவதற்கே சிரமமானது. பிறந்த குழந்தைக்கோ குல்லாயும் காலுறையும் சேர்ந்தே அதில் அடங்கிவிடும்.

இக்கைவேலையில் உண்மையான சிக்கல் பின்னுவதில் இல்லை, நூலை அறிவதில் உள்ளது. கடையிலிருந்து வரும் நூல் உருண்டையைச் சுற்றி ஒரு விவரத்தாள் இருக்கும். இழை எது, பருமன் என்ன, எந்தச் சூட்டில் துவைக்கலாம் என்பன அதில் அச்சிடப்பட்டிருக்கும். நூல் மீதமாகிப் பெட்டிக்குள் போகும்போது அத்தாள் தொலைந்துபோகிறது. பெயர் தெரியாத நூலைப் பச்சிளங் குழந்தையின் தோலுக்கும், அதன் பெற்றோரின் துவைப்புப் பொறிக்கும் ஏற்றதாக ஆக்குவதே இக்கலையின் பெரும்பகுதி எனலாம்.

சொற்கள்

தமிழில் பின்னலாடை என்றவுடன் திருப்பூரில் பொறிகளால் பின்னப்படும் பருத்தி உள்ளாடைகளே நினைவுக்கு வரும். இக்கட்டுரை இரு ஊசிகளைக் கொண்டு கையால் பின்னுவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் கண்ணி எனப்படும். கண்ணியை முன்புறமாக இழுத்தெடுப்பது நிட் எனவும், பின்புறமாக இழுத்தெடுப்பது பர்ல் எனவும் வழங்கப்படுகின்றன. எல்லா வரிசைகளையும் நிட் ஆகவே பின்னினால் இருபுறமும் வரப்பு வரப்பாகத் தோன்றும் தடித்த துணி கிடைக்கும். இது கார்டர் பின்னல். நிட் வரிசையும் பர்ல் வரிசையும் மாறி மாறி வந்தால் முன்புறம் வழவழப்பாக இருக்கும். இது ஸ்டாக்கினெட் பின்னல். ஒரே வரிசைக்குள் இரண்டும் மாறி மாறி வருவது ரிப். இது இழுபட்டு மீளும் தன்மையுடையதாதலால் குல்லாயின் விளிம்புக்கும் கணுக்காலுக்கும் பயன்படுகிறது. ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷே இதனின்று வேறானது.

வரலாறு

அச்சிடப்பட்ட பின்னல் நூல்கள் 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் பெருகின. எடின்பரோவைச் சேர்ந்த ஜேன் காகன் 1840 இல் வெளியிட்ட கைவேலை நூல் அவற்றுள் முன்னோடியானது. எனினும் மீதநூலைப் பயன்படுத்துவதற்கு அச்சிட்ட வழிகாட்டி எதுவும் தேவைப்பட்டிருக்காது. நூல் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் எவரும் அதை எறிந்திருக்க மாட்டார்கள்.

இவ்வழக்கத்துக்கு அரசே ஊக்கமளித்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 சூன் 1 அன்று பிரித்தானியாவில் ஆடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ஆடைகளுடன் பின்னல் நூலுக்கும் பங்கீட்டுச் சீட்டு தேவைப்பட்டது. 1943 இல் வணிக வாரியம் "மேக் டூ அண்ட் மெண்ட்" என்ற கையேட்டை வெளியிட்டது. இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைத் தைத்துக்கொள் என்பது அதன் பொருள். பழைய மேலாடைகளைப் பிரித்து, அந்நூலால் குழந்தைகளின் ஆடைகளைப் பின்னுவது அக்காலத்தில் பரவலாக இருந்தது. ஆடைப் பங்கீடு 1949 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. பிரித்தெடுத்த நூலைப் பயன்படுத்தும் முறை இன்றும் மாறவில்லை. நாற்காலியின் முதுகில் நூலைச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தொங்கவிட்டு உலர்த்தினால் பழைய கண்ணிகளின் சுருள் நீங்கிவிடும். சுருள் நீங்காத நூலில் பின்னினால் கண்ணிகள் சீராக அமையா.

நூலை அடையாளம் காணல்

இழை: மீதநூல் கம்பளியா, பருத்தியா, அக்ரிலிக்கா என்பதை எரித்துப் பார்த்து ஓரளவு அறியலாம். பத்து செ.மீ. நீளத் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து, நீருள்ள கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்த வேண்டும். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், சுடரை அகற்றினால் பெரும்பாலும் தானே அணையும், மயிர் கருகும் நாற்றம் வரும். எஞ்சும் கருமையான சாம்பல் விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி விரைந்து எரிந்து, காகிதம் எரியும் மணத்துடன் மென்மையான சாம்பலை விட்டுச்செல்லும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், கரும்புகை விடும், ஆறியபின் கெட்டியான மணியாக இறுகும். சொட்டும் துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடுமாதலால் கையில் பிடித்துக் கொளுத்தக்கூடாது. கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் இரண்டின் குறிகளையும் காட்டும். கலப்பின் விழுக்காட்டை இம்முறையால் அறிய இயலாது.

துவைப்பு: கம்பளி என்று தெரிந்தபின் அடுத்த வினா, அது துவைப்புப் பொறியில் போடத்தக்கதா என்பது. கம்பளி இழையின் மேற்பரப்பில் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்செதில்கள் உள்ளன. சுடுநீரும் சவர்க்காரமும் உலுக்கலும் சேரும்போது இழைகள் நகர்ந்து, செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டி, மீளாதபடி இறுகிவிடுகின்றன. ஆறு மாதக் குழந்தையின் சட்டை பொம்மைக்கு ஏற்றதாக வெளிவருவது இதனாலேயே. சூப்பர்வாஷ் எனப்படும் கம்பளியில் இச்செதில்களின் விளிம்பைக் குளோரினால் மழுக்கி, மெல்லிய பிசின் பூச்சு இடுகின்றனர். ஆத்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் இம்முறையின் வளர்ச்சியில் பெரும் பங்காற்றியது. விவரத்தாள் இல்லாத கம்பளியைச் சோதிக்க எளிய வழி: ஒரு முழ நீளத்தைச் சிறு உருண்டையாக்கி, சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் நனைத்து, உள்ளங்கைகளுக்கிடையே ஐந்து நிமிடம் அழுத்தி உருட்டுக. உருண்டை இறுகிப் பிரிக்க முடியாமற் போனால் அது சாதாரணக் கம்பளி. நூல் நூலாகப் பிரிந்துவந்தால் சூப்பர்வாஷ் ஆக இருக்கலாம். ஐயத்துக்கு இடமில்லாத சோதனை, 10 செ.மீ. சதுரம் ஒன்றைப் பின்னி அளந்து, வீட்டுத் துணிகளுடன் இரு முறை பொறியில் துவைத்து, மீண்டும் அளப்பது. ஒரு மாலைப்பொழுது செலவாகும். ஆனால் சட்டை சுருங்கினால் வீணாவது பல மாலைப்பொழுதுகள்.

சாயம்: சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய அடர்நிற நூல்கள் நீரில் சாயம் விடக்கூடும். குழந்தை எதையும் வாயில் வைத்துச் சப்பும் என்பதால் இதைத் தவிர்க்கக்கூடாது. நனைத்த நூலை வெள்ளைத் துணியில் சுற்றிப் பிழிந்து, ஓர் இரவு அப்படியே விட்டுப் பார்த்தால் போதும். துணியில் கறை தெரிந்தால் அந்நூலைக் குழந்தைக்கு எடுக்காமல் விடுவதே நல்லது. வெளிர் நிறத்தோடு பட்டைபட்டையாகச் சேர்த்தால் கெடுதல் இரட்டிப்பாகும்.

பருமன்: ஐக்கிய அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் நூல்களை 0 முதல் 7 வரை எண்ணிட்டு வகைப்படுத்துகிறது. குழந்தை ஆடைகளுக்குப் பெரிதும் பயன்படுவன 1, 2, 3 ஆகிய எண்கள். எண் 1 ஃபிங்கரிங் எனப்படும் மெல்லிய நூல். 4 அங்குல ஸ்டாக்கினெட் பின்னலில் 27 முதல் 32 கண்ணிகள் அமையும். எண் 3 டி.கே. எனப்படும் நூல். இதில் 21 முதல் 24 கண்ணிகள் அமையும். எண் 4 வொர்ஸ்டெட், 16 முதல் 20 கண்ணிகள். தாளில்லாத நூலை அளவுகோலின் மேல் இடைவெளியின்றி, ஆனால் நெருக்கித் தள்ளாமல், ஓர் அங்குலத்துக்குச் சுற்றி எண்ணினால் தோராயமாக வகை புலப்படும். ஏறத்தாழ 14 சுற்றும் அதற்கு மேலும் வந்தால் ஃபிங்கரிங், 11 அளவில் டி.கே., 9 அளவில் வொர்ஸ்டெட் எனக் கொள்வர். சுற்றும் கையின் இறுக்கத்தைப் பொறுத்து இது மாறும். எனவே பெயர் தெரிந்த நூல் ஒன்றையும் அருகிலேயே சுற்றி ஒப்பிடுவது நம்பத்தக்கது.

மெல்லிய நூல்கள் இரண்டைச் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாகப் பின்னுவதும் உண்டு. அப்போது பருமன் இரட்டிப்பாகும் என்று பலர் எண்ணுகின்றனர். இரட்டிப்பாவது குறுக்குவெட்டுப் பரப்பே. விட்டம் இரண்டின் வர்க்கமூல மடங்கு, அதாவது ஏறத்தாழ 1.4 மடங்கு மட்டுமே கூடும். அங்குலத்துக்கு 14 சுற்று வந்த நூலை இரட்டையாகப் பிடித்தால் 10 சுற்று வரும், 7 அன்று. ஆகவே இரு ஃபிங்கரிங் நூல்கள் சேர்ந்தால் டி.கே.க்கும் வொர்ஸ்டெட்டுக்கும் இடைப்பட்ட ஒன்று கிடைக்கிறது.

அந்து: நெடுநாள் மூடிவைத்த கம்பளியில் அந்துப்பூச்சியின் புழுக்கள் இருக்கக்கூடும். ஆடையை அரிப்பது பூச்சியன்று, புழுவே. நூல் இடையிடையே அறுந்து வருவது இதன் அறிகுறி. நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி, உறைபெட்டியில் இரு கிழமைகள் வைத்திருந்து, பின்னர் துவைத்து எடுப்பது வழக்கமான தீர்வு.

நூல் போதுமா எனக் கணித்தல்

மீதநூலில் பின்னத் தொடங்குபவர் எவரும் முதலில் அஞ்சுவது பாதியில் நூல் தீர்ந்துவிடுவதையே. அதே சாயத் தொகுதியைச் சேர்ந்த நூல் மீண்டும் கிடைப்பது அரிது. இதற்குச் சமையலறை மின்னணுத் தராசு போதுமானது. 10 சுற்று வரிசைகளுக்கு முன்னும் பின்னும் உருண்டையை நிறுத்தால், மீதமுள்ள நூல் எத்தனை வரிசைகளுக்கு வரும் என்பது நேரடி வகுத்தலால் கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக 10 வரிசைக்கு 4 கிராம் செலவாகி, 18 கிராம் எஞ்சியிருந்தால் இன்னும் 45 வரிசைகள் பின்னலாம். இரு கைகளும் இரு காலுறைகளும் ஒத்திருக்க வேண்டுமாயின், தொடங்கும் முன்பே நூலை எடையால் இரு பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

பின்னத் தொடங்கும் முன்னரே மதிப்பிட வேறொரு வழி உண்டு. ஒரு வரிசை ஸ்டாக்கினெட் பின்னலுக்கு அதன் அகலத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நூல் செல்லும். கீழுள்ள குல்லாய் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

எடுத்துக்காட்டு: ஒரு குல்லாய்

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 35 செ.மீ. அளவில் இருக்கும். பின்னல் இழுபடுமாதலால் குல்லாய் அதைவிடச் சற்றுச் சிறிதாக, 32 முதல் 33 செ.மீ. ஆக இருக்க வேண்டும். டி.கே. நூலில், 4 மி.மீ. ஊசியில், 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் வருகின்றன எனக் கொள்வோம். 32.5 செ.மீ.க்கு 71.5 கண்ணிகள் தேவை. உச்சியை எட்டுப் பகுதிகளாகக் குறைப்பதற்கு வசதியாக 72 எனக் கொள்ளலாம்.

இருமுனை ஊசிகளில் 72 கண்ணிகளை ஏற்றி, முறுக்கில்லாமல் வட்டமாகச் சேர்த்து, 2 செ.மீ. ரிப் பின்னுக. பின்னர் விளிம்பிலிருந்து 9.5 செ.மீ. உயரம் வரும்வரை எல்லாச் சுற்றுகளையும் நிட் ஆகப் பின்னுக. அடுத்து 7 கண்ணி பின்னி 2 கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுவதைச் சுற்று முழுவதும் எட்டு முறை செய்க. 64 கண்ணிகள் எஞ்சும். ஒரு சுற்று குறைப்பின்றிப் பின்னுக. அடுத்த குறைப்புச் சுற்றில் 6 பின்னி 2 சேர்க்க, அதற்கடுத்ததில் 5 பின்னி 2 சேர்க்க எனத் தொடர்ந்தால் எட்டாவது குறைப்பில் 8 கண்ணிகள் எஞ்சும். நூலை அறுத்து, அவ்வெட்டு வழியாகவும் கோத்து இறுக்கி, உட்புறத்தில் மறைக்க வேண்டும். மொத்த உயரம் 14 முதல் 15 செ.மீ. வரும்.

நூலின் கணக்கு இது: நேரான பகுதியில் ஏறத்தாழ 28 சுற்றுகள், ஒவ்வொன்றிலும் 72 கண்ணிகள். உச்சிப் பகுதி ஏறத்தாழ 8 முழுச் சுற்றுகளுக்குச் சமம். ஆக 2,600 கண்ணிகள் அளவில் வரும். ஒரு கண்ணியின் அகலம் 0.45 செ.மீ., அதன் மும்மடங்கு 1.36 செ.மீ. எனக் கொண்டால் மொத்தம் 35 மீட்டர். ஏற்றுவதற்கும் முனைகளுக்கும் கைத்தளர்வுக்கும் சேர்த்து 45 மீட்டர் வைத்துக்கொண்டால், 50 கிராமுக்கு 115 மீட்டர் உள்ள நூலில் 20 கிராம் ஆகிறது. 15 கிராம் மட்டுமே இருந்தால் ரிப் பகுதிக்கு வேறு நிறத்தை எடுக்கலாம். இது குறையை மறைக்கும் உத்தி என்று பார்ப்பவருக்குத் தோன்றாது.

வியப்புச் சட்டை

மீதநூலுக்கென்றே அமைந்தது போன்ற வடிவம் ஒன்று உண்டென்றால் அது "பேபி சர்ப்ரைஸ் ஜாக்கெட்" ஆகும். இதை எலிசபெத் சிம்மர்மன் (1910-1999) 1968 இல் வடிவமைத்தார். இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்த இவர், பின்னுவோருக்குச் செய்திமடல் நடத்தியவர், "நிட்டிங் வித்அவுட் டியர்ஸ்" (1971), "நிட்டர்ஸ் அல்மனாக்" (1974) முதலிய நூல்களின் ஆசிரியர். அவருடைய செய்திமடல்களின் தொகுப்பான "தி ஒப்பினியனேட்டட் நிட்டர்" 2005 இல் வெளிவந்தது.

இச்சட்டையில் முன், பின், கை என்று தனித்தனித் துண்டுகள் இல்லை. 160 கண்ணிகளை ஏற்றி, கார்டர் பின்னலிலேயே முழுவதும் பின்னப்படுகிறது. இரு குறிப்பிட்ட இடங்களில் முதலில் கண்ணிகள் குறைக்கப்படுகின்றன. பின்னர் அதே இடங்களில் கூட்டப்படுகின்றன. இடையில் கழுத்து, முன்பகுதி ஆகியவற்றுக்கான மாற்றங்கள் வருகின்றன. ஊசியிலிருந்து இறக்கும்போது கையில் இருப்பது எதற்கும் உதவாத கோணல் துணி போன்ற ஒன்று. அதை இருபுறமும் மடித்தால் கைகளும் உடலும் உள்ள சட்டையாக மாறுகிறது. தோள்வரை இரு சிறு தையல்கள் மட்டுமே தேவை. பெயரில் உள்ள வியப்பு இதுவே. முதல் முறை பின்னுபவர் எங்கோ பிழை செய்துவிட்டதாகவே இறுதிவரை நினைத்துக்கொண்டிருப்பார்.

மீதநூலோடு இது பொருந்துவதற்குக் காரணங்கள் அமைப்பிலேயே உள்ளன. கண்ணிகளின் எண்ணிக்கை மாறாதிருக்க, நூலின் பருமனே சட்டையின் அளவைத் தீர்மானிக்கிறது. மெல்லிய நூலில் பிறந்த குழந்தைக்கும், தடித்த நூலில் ஓரிரு வயதுக் குழந்தைக்கும் ஏற்ற சட்டை கிடைக்கும். வகை தெரியாத நூலையும் பின்னிப் பார்த்து, வந்த அளவுக்கு ஏற்ற குழந்தையைத் தேடிக்கொள்ளலாம். கார்டர் பின்னல் சிறுசிறு பருமன் வேறுபாடுகளைத் தன் வரப்புகளுக்குள் மறைத்துவிடும். ஒவ்வொரு வரப்பும் இரு வரிசைகளாதலால், எப்போதும் ஒரே பக்கத்தில் நிறம் மாற்றினால் பட்டைகள் தூய்மையாக அமையும். மடித்தபின் இப்பட்டைகள் உடலில் ஒரு திசையிலும் கையில் வேறொரு திசையிலும் ஓடுவது இச்சட்டையின் தனி அழகு.

நிறங்களும் முனைகளும்

மீதநூலில் பின்னிய பொருள் மீதநூலில் பின்னியது போலத் தோன்றாமலிருக்க, பின்னுவோர் ஒரு பொது நிறத்தைக் கைக்கொள்கின்றனர். எத்தனை நிறங்கள் வந்தாலும் இடையிடையே வெள்ளை அல்லது சாம்பல் மீண்டும் மீண்டும் வந்தால் முழுமையும் ஒன்றுபட்டுத் தெரியும். வட்டமாகப் பின்னும்போது நிறம் மாறும் இடத்தில் படிபோல ஒரு முறிவு ஏற்படும். மூன்று நிறங்களைச் சுற்றின் மூன்றிலொரு பங்கு இடைவெளியில் தொடங்கி, திருகாணியின் புரிபோல ஒன்றன்பின் ஒன்றாக ஏறவிட்டால் முறிவே இராது. இம்முறையில் நூல்கள் உட்புறத்தில் குறுக்காகத் தொங்குவதும் இல்லை. அது அழகுக்காக மட்டும் சொல்லப்படுவதன்று என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

மீதநூல் துண்டுகளை எல்லாம் முடிச்சிட்டு ஒரே உருண்டையாகச் சுற்றிக்கொண்டு பின்னுவோரும் உளர். போர்வைக்கு வேண்டுமானால் இது ஒப்பலாம். குழந்தையின் தோலோடு ஒட்டும் ஆடைக்கு முடிச்சு ஆகாது. அது உறுத்தும், துவைப்பில் அவிழவும் கூடும். சூப்பர்வாஷ் அல்லாத கம்பளியாயின் இரு முனைகளையும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நனைத்து உள்ளங்கையில் தேய்த்தால் அவை ஒட்டிக்கொள்ளும். சட்டையைக் கெடுக்கும் அதே செதில்கள் இங்கே உதவுகின்றன. பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் இவ்வழி இல்லை. ஒவ்வொரு முனையிலும் 15 செ.மீ. விட்டு, ஊசியில் கோத்து இரு திசைகளில் உள்ளே செலுத்த வேண்டும். நிறம் கூடக்கூட முனைகளும் கூடும். பின்னலைவிட முனை மறைக்கும் வேலை பெரிதாகி, முடிக்கப்படாமல் கிடக்கும் போர்வைகள் எத்தனையோ.

பாதுகாப்பு

கைப்பின்னல் பரிசுகளில் மிகக் குறைவாகப் பேசப்படும் இடர், நூல் விரலைச் சுற்றி இறுகுவது ஆகும். காலுறையின் அல்லது கையுறையின் உட்புறத்தில் தளர்ந்து கிடக்கும் ஒரு நூல், குழந்தை காலை உதைக்க உதைக்க விரலில் சுற்றிக்கொண்டு குருதியோட்டத்தைத் தடுக்கக்கூடும். தலைமயிராலும் இதே விபத்து நேர்வதுண்டு. குழந்தை அழுவதைத் தவிர வேறு எதையும் சொல்ல இயலாது. காலுறைக்குள் இருக்கும் விரலை எவரும் பார்ப்பதில்லை. நேரம் கடந்தால் விரலை இழக்கும் நிலையும் வரலாம். எனவே காலுறை, கையுறை ஆகியவற்றில் பல நிறக் கோலங்களுக்காக உட்புறத்தில் நூலைத் தொங்கவிடும் முறையையும், துளைகள் உள்ள சரிகைப் பின்னலையும் தவிர்க்க வேண்டும். பரிசளிக்கும் முன் உட்புறத்தை வெளியே திருப்பி, விரலால் தடவி, தளர்ந்த முனை எதுவும் இல்லை என உறுதிசெய்ய வேண்டும். காரணமின்றி அழும் குழந்தையின் கால் விரல்களைப் பார்க்கும்படி பெற்றோரிடம் ஒரு சொல் சொல்லி வைப்பதும் தகும்.

அடுத்தது பொத்தான். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருட்களுக்கு ஐக்கிய அமெரிக்கா ஓர் உருளை அளவையைப் பயன்படுத்துகிறது. 1.25 அங்குல விட்டமுள்ள அவ்வுருளைக்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூச்சுக்குழலை அடைக்கத்தக்க சிறு பொருளாகக் கருதப்படும். சட்டைப் பொத்தான் எதுவும் அதில் அடங்கிவிடும். ஆகையால் பொத்தான் கழலாதிருப்பதே ஒரே காப்பு. பின்னல் நூலால் தைக்காமல் வலிய தையல் நூலால், பின்புறம் ஒரு துணித்துண்டையோ தட்டைப் பொத்தானையோ வைத்துத் தைத்து, இழுத்துப் பார்க்க வேண்டும். கழுத்திலும் குல்லாயிலும் கட்டும் கயிறுகள் கூடா. ஐரோப்பாவின் ஈ.என். 14682 தரம் சிறு குழந்தைகளின் ஆடைகளில் தலை, கழுத்துப் பகுதிக் கயிறுகளை அனுமதிப்பதில்லை. அங்கோரா, மொகேர் போன்ற உதிரும் நூல்கள் வாயிலும் மூக்கிலும் செல்லுமாதலால் அவையும் ஏற்றவை அல்ல.

குல்லாயும் போர்வையும் உறக்கத்துக்கு உரியவை அல்ல என்பது பரிசளிப்போர் பலருக்குத் தெரியாது. குழந்தைகள் தலை வழியாகவே பெருமளவு வெப்பத்தை வெளியேற்றுகின்றனர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, பிறந்த முதல் சில மணிநேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் நீங்கலாக, வீட்டுக்குள் உறங்கும் குழந்தைக்குக் குல்லாய் அணிவிக்கக்கூடாது. தொட்டிலில் தளர்வான போர்வையும் வைக்கக்கூடாது. பிரித்தானிய வழிகாட்டல் மெல்லிய போர்வையை, தோளுக்கு மேல் வராதபடி இறுக்கிச் செருகினால் ஏற்கிறது. பின்னிய போர்வை தள்ளுவண்டியிலும், தரையில் விரிக்கவும், மடியில் வைத்திருக்கும்போது சுற்றவும் பயன்படலாம்.

குறைமாதக் குழந்தைகள்

எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு நிலைமை வேறு. அவர்களால் உடல்வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது. 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கார் ரே தொடங்கிய கங்காரு பராமரிப்பு முறையில், தாயின் நெஞ்சோடு தோல் படும்படி வைக்கப்படும் குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் அணிவிக்கப்படுகின்றன. 28 முதல் 30 செ.மீ. சுற்றளவுள்ள இக்குல்லாய்களுக்கு மிகச் சிறிய மீதமும் போதும். டென்மார்க்கில் 2013 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சியில், குரோஷேயால் பின்னிய பருத்தி எண்காலிகள் குறைமாதக் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டன. குழாய்களைப் பிடித்து இழுப்பதற்குப் பதில் குழந்தை எண்காலியின் கைகளைப் பற்றிக்கொள்ளும் என்பது எண்ணம். இதற்குப் போதிய மருத்துவச் சான்று இல்லை. எந்த மருத்துவமனைக்குப் பின்னினாலும், அவர்கள் ஏற்கும் இழை, துவைக்கும் சூடு, அளவு ஆகியவற்றை முதலில் கேட்டறிய வேண்டும். கேளாமல் பின்னி அனுப்பிய பெட்டி பிரிக்கப்படாமலே கிடக்கக்கூடும்.

பரிசளித்தல்

பிறந்த குழந்தைக்கான அளவில் பின்னிய சட்டை சில கிழமைகளே பயன்படும். அதே அளவில் வேறு பரிசுகளும் வந்து குவியும். ஆகவே ஆறு மாதம் அல்லது ஒரு வயதுக்கான அளவில் பின்னுவதை அனுபவமுள்ளோர் விரும்புகின்றனர். அப்போது பருவத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவில் சனவரியில் பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாத அளவில் கம்பளிச் சட்டை பின்னினால் அது பொருந்துவது சூலையில், அணியவே முடியாத கோடையில். சூலையில் பிறக்கும் குழந்தைக்கோ அதே சட்டை குளிர்காலத்தில் சரியாக வந்துசேரும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற வெப்பமான இடங்களுக்குக் கம்பளி எக்காலத்தும் தேவையில்லை, மெல்லிய பருத்தி மீதநூலே ஏற்றது. குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரிதாதலால், தலைவழியே மாட்டும் சட்டையைவிட முன்புறம் திறக்கும் சட்டையே அணிவிக்க எளிது. காலுறைகள் கழன்று விழுவது எங்கும் கேட்கப்படும் முறையீடு. கணுக்காலுக்கு மேல் 5 செ.மீ. அளவுக்காவது ரிப் வைத்தால் அவை ஓரளவு நிற்கும்.

பரிசுடன் ஒரு சிறு அட்டையில் இழையின் பெயர், எந்தச் சூட்டில் துவைத்துச் சோதிக்கப்பட்டது, உலர்த்தும் முறை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். தொலைந்த விவரத்தாளுக்கு இதுவே மாற்று. தூக்கமிழந்த பெற்றோர் கையால் துவைக்க வேண்டிய ஆடையை எடுத்து அலமாரியில் பூட்டிவைப்பர். பழுது பார்ப்பதற்காக அதே நூலில் ஓரிரு மீட்டரை அவ்வட்டையில் சுற்றி வைப்பாரும் உளர்.